கதிர்வீச்சு பெற்ற பிள்ளையின் சர்க்கரையையும் கொழுப்பையும் இனி யார் பார்ப்பது? மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

“சிகிச்சை முடிந்து எட்டு வருடம் ஆகிவிட்டது. நோய் திரும்பவில்லை. இனி யாரிடம் காட்டுவது, எதற்காகக் காட்டுவது?”

குழந்தைப் புற்றுநோயிலிருந்து மீண்ட பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான். என் மகளுக்கு நான்கு வயதில் இடது சிறுநீரகத்தில் வில்ம்ஸ் கட்டி வந்தது. சிறுநீரகத்தை எடுத்தார்கள், கீமோ கொடுத்தார்கள், வயிற்றின் இடப்பக்கம் ஆறு தவணை கதிர்வீச்சும் கொடுத்தார்கள். இப்போது அவளுக்குப் பதினேழு வயது. அந்தக் கதிர்வீச்சு பல ஆண்டு கழித்துச் சர்க்கரையையும் கொழுப்பையும் ஏற்றலாம் என்பதால் கண்காணிப்பு இன்னும் முடியவில்லை. நான் மருத்துவர் அல்ல. பதின்மூன்று ஆண்டுகளாக ஒரு கோப்பைச் சுமந்துகொண்டு பல வாசல்களில் உட்கார்ந்த தாய். சிகிச்சை அளித்த புற்றுநோய் மருத்துவமனை, ஹார்மோன் மருத்துவர், ஊரிலுள்ள குடும்ப மருத்துவர் ஆகிய மூவரில் யாரிடம் பிள்ளையை ஒப்படைப்பது என்று தடுமாறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

## முதலில், கதிர் எங்கே விழுந்தது?

நம் பக்கத்தில் கதிர்வீச்சை ‘கரண்ட் வைத்தார்கள்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். தலையில் வைத்ததா, வயிற்றில் வைத்ததா, உடம்பு முழுவதுமா என்பது அந்தச் சொல்லில் இல்லை. பின்னாளில் என்ன வரும், யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அதைப் பொறுத்தே இருக்கிறது.

தலையில் கொடுக்கும்போது, மூளையின் அடியிலிருக்கும் ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரிச் சுரப்பியும் கதிர் செல்லும் பாதையில் இருக்கின்றன. வயிறு நிறைந்தது என்று கொழுப்புத் திசு லெப்டின் மூலம் அனுப்பும் செய்தியைப் பெற்றுக்கொள்ளும் இடம் ஹைப்போதலாமஸ். அது பழுதானால் பிள்ளைக்குப் பசி அடங்குவதில்லை. எடை ஏறிக்கொண்டே போகும். “வாயைக் கட்டு” என்று அந்தப் பிள்ளையைத் திட்டுவது அநியாயம். பிட்யூட்டரி வழியாக வரும் ஹார்மோன்களில் முதலில் அடிபடுவது வளர்ச்சி ஹார்மோன். ரத்தப் புற்று மூளையில் தங்காமலிருக்கக் கொடுக்கப்பட்ட 18 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) அளவிலேயே அது குறையலாம். 30 கிரேயைத் தாண்டினால் தைராய்டு, அட்ரினல், பாலின ஹார்மோன்களைத் தூண்டும் சுரப்புகளும் பாதிக்கப்படலாம். 1980களின் நடுவிலிருந்து சென்னை அடையாறு, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் ஆகிய இடங்களில் பின்பற்றப்பட்ட எம்.சி.பி.-841 என்ற ரத்தப் புற்றுச் சிகிச்சை முறையில் தலைக் கதிர்வீச்சும் சேர்ந்திருந்தது. இன்று முப்பது, நாற்பது வயதில் இருக்கும் பலர் அதைப் பெற்றவர்கள். தங்கள் எடைக்கும் அந்தப் பழைய சிகிச்சைக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது.

வயிற்றில் கொடுத்தால் கணையத்தைப் பார்க்க வேண்டும். இன்சுலினைச் சுரக்கும் செல் கூட்டங்கள் கணையத்தின் வால் பகுதியில் அடர்த்தியாக உள்ளன. அந்த வால் இடப்பக்கம், மண்ணீரலை ஒட்டி, இடது சிறுநீரகத்துக்கு முன்னால் கிடக்கிறது. பிரான்ஸ், பிரிட்டன் நாடுகளில் மீண்டவர்களை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வில், வால் பகுதியில் விழுந்த கதிரின் அளவு கூடக்கூட நீரிழிவும் கூடியது. என் மகளின் கோப்பில் ‘இடது’ என்ற சொல்லை அதுவரை நூறு முறையாவது பார்த்திருப்பேன். அதன் பொருள் அன்றுதான் விளங்கியது.

எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு முன் உடம்பு முழுவதும் கொடுப்பது மூன்றாவது வகை. பெரும்பாலும் 12 கிரே, மூன்று நாளில் ஆறு தவணை. மூன்றிலும் அதிகம் ஏமாற்றுவது இதுதான். பிள்ளை ஒல்லியாகவே இருப்பாள். கை கால் மெலிந்திருக்கும். கொழுப்பு கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளும் போய்ச் சேரும். ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறும். இன்சுலின் சுரந்தும் உடல் அதைச் சரியாகப் பயன்படுத்தாது.

அமெரிக்காவில் 1994 முதல் நடக்கும் குழந்தைப் புற்றுநோய் மீண்டோர் ஆய்வு 2009-இல் ஒரு கணக்கு தந்தது. உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்டால், மீண்டவர்களுக்கு நீரிழிவு இருக்கும் வாய்ப்பு மொத்தத்தில் 1.8 மடங்கு. தலையில் கதிர் பெற்றவர்களுக்கு 1.6, வயிற்றில் பெற்றவர்களுக்கு 2.7, முழு உடலில் பெற்றவர்களுக்கு 7.2 மடங்கு. உடல் எடையைக் கணக்கில் கொண்ட பிறகும் கிடைத்த எண்கள் இவை. இந்தியாவில் பெரியவர்களில் 11.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023-இல் சொன்னது. நம் பிள்ளைகளின் கூடுதல் சுமை இந்த மண்ணின் சுமைக்கு மேல்தான் ஏறுகிறது.

## எதை வைத்து எடைபோடுவது?

பதின்மூன்று ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு எனக்கு நிலைத்தவை ஐந்து. ஒன்று, அந்த மருத்துவருக்குக் கதிர் விழுந்த இடமும் அளவும் தெரியுமா, தெரிந்தால் அதை வைத்து முடிவெடுக்கத் தெரியுமா? இரண்டு, சரியான பரிசோதனையை எழுதுவாரா? மூன்று, ஏதாவது தென்பட்டால் அங்கேயே மருத்துவம் தொடங்க முடியுமா? நான்கு, முப்பது ஆண்டு தாங்குமா? இது ஒரு வருடத்து வேலை அல்ல. நமக்குப் பின்னும் நடக்க வேண்டியது. ஐந்து, மொத்தச் செலவு: ஆலோசனைக் கட்டணத்தோடு ரயில், விடுப்பு, தேர்வு நாட்கள், பிள்ளையின் மனம்.

இரண்டாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அமெரிக்கக் குழந்தைப் புற்றுநோய்க் குழுவின் வழிகாட்டுதல்படி, வயிற்றிலோ முழு உடலிலோ கதிர் பெற்றவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெறும் வயிற்றுச் சர்க்கரை அல்லது ஹெச்பிஏ1சி, கூடவே ரத்தக் கொழுப்பு பார்க்க வேண்டும். ரத்த அழுத்தமும் எடையும் ஆண்டுதோறும். இது குறைந்தபட்சம். ஹெச்பிஏ1சி மூன்று மாதச் சராசரியைச் சொல்வது உண்மைதான், ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் அது கூட்டிக் காட்டலாம். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிபவர்களுக்குக் குறைத்துக் காட்டலாம். நம் வீட்டுப் பெண் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ரத்தசோகை இல்லை? வெறும் வயிற்று அளவும் சில பிள்ளைகளிடம் நெடுநாள் நல்ல பிள்ளையாகவே இருக்கும். என் மகளுக்குப் பதினைந்து வயதில் வெறும் வயிற்றில் 94. பரிசோதனைக் கூடம் ‘இயல்பு’ என்று அச்சடித்துக் கொடுத்தது. அதே மாதம் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 152. 140-ஐத் தாண்டினால் நீரிழிவுக்கு முந்தைய நிலை. 200-ஐத் தொட்டால் நீரிழிவு. அந்த இனிப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, குமட்டலை அடக்கிக்கொண்டு, நடைபாதை நாற்காலியில் கணக்குப் புத்தகத்தோடு அவள் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரம்தான் எங்களுக்கு உண்மையைச் சொன்னது.

இடுப்பளவையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. எங்கள் தையற்காரர் என் மகளுக்குப் பாவாடை தைக்கும்போது இடப்பக்கம் ஒரு விரல் குறைத்து வெட்டுவார். கதிர் விழுந்த பக்கத்தில் தசை வலப்பக்கத்துக்கு ஈடாக வளரவில்லை. அந்த இடுப்பை நாடாவால் அளந்தால் எண் குறைவாகத்தான் வரும். பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது என்ற பொது அளவுகோல், வயிற்றில் கதிர் பெற்ற பிள்ளைக்குப் பொய்யான நிம்மதியைத் தரலாம்.

## வழி ஒன்று: சிகிச்சை அளித்த புற்றுநோய் மையம்

மும்பை டாடா நினைவு மருத்துவமனை, சிகிச்சை முடிந்த பிள்ளைகளுக்கென்றே 1991-இல் ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியது. அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் அது 1984-இலேயே வந்துவிட்டது. இத்தகைய பிரிவு உங்கள் மருத்துவமனையில் இருந்தால், முதல் அளவுகோலில் அதற்கு ஈடில்லை. கோப்பு அங்கே இருக்கிறது. எந்தக் கோணத்தில், எத்தனை கிரே என்பதைக் கதிர்வீச்சுத் துறையிலேயே எடுத்துப் பார்க்கலாம். இரண்டாம் புற்றுநோய், இதயம், சிறுநீரகம் என்று மற்றப் பின்விளைவுகளையும் ஒரே பார்வையில் பார்ப்பார்கள்.

தனிப் பிரிவு இல்லாத இடத்தில் நிலைமை வேறு. சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளின் கூட்டத்தில் நம் பிள்ளைக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் கேட்கப்படுவது ‘கட்டி திரும்பியதா’ என்பது ஒன்றுதான். இல்லை என்றதும் எல்லார் முகமும் மலர்ந்துவிடும். சர்க்கரையும் கொழுப்பும் அந்த மகிழ்ச்சியில் விடுபட்டுப்போகும். நான் யாரையும் குறை சொல்லவில்லை. உயிர் காக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு அதற்குமேல் நேரம் இல்லை.

மறைமுகச் செலவு இங்கே அதிகம். இரவு ரயிலில் போய், ஒரு நாள் முழுவதும் காத்திருந்து, அடுத்த இரவு ரயிலில் திரும்பும்போது இரண்டு நாள் சம்பளமும் இரண்டு நாள் பள்ளியும் போயிருக்கும். அதைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு என் மகள் அந்தக் காத்திருப்பு அறைக்குள் நுழைய மறுத்தாள். முடி கொட்டிய சின்னப் பிள்ளைகளைப் பார்த்ததும் அவள் கை சில்லிட்டுப் போகும். பதினெட்டு வயதானதும் குழந்தைகள் பிரிவு பெரியவர்கள் பிரிவுக்கு அனுப்பிவிடும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. பலர் தொடர்பறுந்து போவது அந்த வாசலில்தான்.

## வழி இரண்டு: ஹார்மோன் மருத்துவர்

நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் என்பவர் இவர். ஒரு முன்னெச்சரிக்கை: ‘சர்க்கரை நோய் நிபுணர்’ என்று பலகை வைத்த எல்லாரும் இந்தப் படிப்பு படித்தவர்கள் அல்ல. டி.எம். எண்டோகிரைனாலஜி என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

தலையில் கதிர் பெற்ற பிள்ளைக்கு இவரைத் தவிர்க்கவே முடியாது என்பது என் கருத்து. காரணம், அங்கே எண்கள் ஏமாற்றும். தைராய்டுக்கு வழக்கமாகப் பார்க்கும் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்) சரியாக இருக்கும், ஆனால் பிட்யூட்டரி பழுதானதால் தைராய்டு ஹார்மோனே குறைந்திருக்கும். கூடவே ஃப்ரீ டி4 என்ற தைராய்டு ஹார்மோன் அளவையும் பார்த்தால்தான் அது தெரியும். வளர்ச்சி ஹார்மோன் குறைவைக் காட்ட வேண்டிய ஐ.ஜி.எஃப்.-1 அளவும் தலைக் கதிர்வீச்சுக்குப் பிறகு நம்பத்தக்கதல்ல. இன்னொரு பொறி இருக்கிறது: இந்தப் பிள்ளைகள் சிலர் சீக்கிரமே பருவமடைகிறார்கள். அந்த வேகத்தில் உயரம் நன்றாக ஏறுவதுபோல் தெரியும். வீட்டில் எல்லாரும் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே எலும்பு முனைகள் மூடிவிடும். வளர்ச்சி அதோடு நின்றுவிடும். எட்டு வயதுப் பெண் பிள்ளையின் உயர வரைபடத்தைப் பார்த்து “இது வளர்ச்சி இல்லை, அவசரம்” என்று சொல்லக்கூடியவர் இவர்தான்.

அமெரிக்க ஆய்வின்படி, ரத்தப் புற்றுக்காகத் தலையில் 20 கிரே அல்லது அதற்கு மேல் பெற்ற பெண்களுக்கு உடல் பருமன் வாய்ப்பு உடன்பிறந்தவர்களைவிட ஏறத்தாழ 2.6 மடங்கு, ஆண்களுக்கு 1.9 மடங்கு. மிகச் சிறு வயதில் பெற்ற பெண் பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதல்.

செலவுதான் இடிக்கிறது. மருந்து கொடுத்துச் சுரப்பியைத் தூண்டி ஹார்மோன் சுரக்கிறதா என்று பார்க்கும் தூண்டல் பரிசோதனைக்கு ஒரு பகல் முழுவதும் ஊசியோடு படுத்திருக்க வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் தேவை என்றானால் தினமும் இரவில் ஊசி, ஆண்டுக்கணக்கில். மாதாமாதம் வீட்டுக் கணக்கில் அது தனி வரியாக நிற்கும். இந்த மருத்துவர்கள் பெரும்பாலும் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். சுரப்பியை நுணுக்கமாகப் பார்ப்பார்கள்; ஆனால் ஒற்றைச் சிறுநீரகம், கீமோவால் களைத்த இதயம் ஆகியவற்றை நாம்தான் நினைவூட்ட வேண்டும்.

## வழி மூன்று: ஊரிலுள்ள குடும்ப மருத்துவர்

நான்காவது அளவுகோலில், அதாவது முப்பது ஆண்டு தாங்குவதில், இவரை யாரும் வெல்ல முடியாது. தெருமுனையில் இருக்கிறார். காய்ச்சலுக்கும் இவரிடமே போகிறோம். ரத்த அழுத்தம் பார்ப்பதற்காக யாரும் ரயில் ஏற வேண்டியதில்லை. தென்பட்ட சர்க்கரைக்கு மாத்திரை தொடங்கவும் கொழுப்பைக் குறைக்கவும் இவருக்குத் தெரியும்.

சிக்கல் முதல் அளவுகோலில். “ஒல்லியாகத்தானே இருக்கிறாள், இந்த வயதில் சர்க்கரையாவது!” என்று அன்போடு சொல்லி அனுப்பிவிடுவார். அரசின் வழக்கமான சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனைத் திட்டமும் முப்பது வயதிலிருந்துதான் ஆட்களைத் தேடுகிறது. நம் பிள்ளைகளுக்குப் பதின்வயதிலேயே தேட வேண்டும். இளம் வயதில் ஒல்லியான பிள்ளைக்குச் சர்க்கரை தென்பட்டால் முதல் வகையா, இரண்டாம் வகையா என்று குழம்புவதும் இயல்பு. கணையத்தில் கதிர் விழுந்த செய்தி தெரிந்தால் அந்தக் குழப்பம் பாதி குறையும். ஒற்றைச் சிறுநீரகம் உள்ள பிள்ளைக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எழுதுவதற்கு முன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்க வேண்டும் என்பதும் அந்தச் செய்தி கையில் இருந்தால்தான் நடக்கும்.

ஆக இவரிடம் போவதற்கு ஆகும் மறைமுகச் செலவு நம் உழைப்பு. வெறுங்கையோடு போனால் பயனில்லை. கையில் எழுத்து இருக்க வேண்டும்.

நான்காவதாக ‘முழு உடல் பரிசோதனைத் தொகுப்பு’ என்றும் ஒன்று உண்டு. முப்பது, நாற்பது பரிசோதனைகளுக்குப் பணம் வாங்கிக்கொள்வார்கள். அவற்றில் நமக்கு வேண்டியவை ஐந்தாறு இருக்கும், குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனை பெரும்பாலும் இருக்காது. மருத்துவர் ஒருவர் பின்னால் இல்லாமல் இதை மட்டும் நம்பாதீர்கள்.

| | புற்றுநோய் மையம் | ஹார்மோன் மருத்துவர் | குடும்ப மருத்துவர் |
|---|---|---|---|
| கதிரின் இடம், அளவு தெரியுமா | கோப்பிலேயே இருக்கிறது | கேட்டு வாங்கிக்கொள்வார் | நாம் கொடுத்தால்தான் |
| சரியான பரிசோதனை | தனிப் பிரிவு இருந்தால் மட்டும் | ஆம் | குறிப்பு கொடுத்தால் |
| மருத்துவம் தொடங்குதல் | வேறிடம் அனுப்புவார்கள் | உடனே | சர்க்கரை, கொழுப்பு, அழுத்தத்துக்கு உடனே |
| முப்பது ஆண்டு | பதினெட்டில் அறுந்துபோகலாம் | தூரம், செலவு தடை | நிலைக்கும் |
| மறைமுகச் செலவு | பயணம், பிள்ளையின் அச்சம் | ஊசி, தூண்டல் பரிசோதனை | பெற்றோரின் விழிப்பு |

## யாருக்கு எது?

வயிற்றில் கதிர் பெற்று, வளர்ச்சி இயல்பாக இருக்கும் பிள்ளைக்குக் குடும்ப மருத்துவரே முதன்மையாக இருக்கலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புற்றுநோய் மையம். குளுக்கோஸ் பரிசோதனையில் மாற்றம் தெரிந்தால் அப்போது ஹார்மோன் மருத்துவர். நாங்கள் இப்படித்தான் செய்கிறோம். 152 வந்த பிறகு ஹார்மோன் மருத்துவரை இரண்டு முறை பார்த்தோம். அவர் எழுதிக் கொடுத்ததை எங்கள் ஊர் மருத்துவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொடர்கிறார்.

தலையில் கதிர் பெற்ற பிள்ளைக்கு வளர்ச்சி முடியும்வரை ஹார்மோன் மருத்துவரே முதன்மை. கடன் வாங்க நேர்ந்தாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லவே எனக்குத் தோன்றுகிறது. உயரமும் பருவமும் ஒருமுறை கடந்தால் திரும்பாதவை. இவர்களில் யாருக்காவது காய்ச்சலின்போது அளவுக்கு மீறிய சோர்வும் வாந்தியும் மயக்கமும் வந்தால், அட்ரினல் ஹார்மோன் குறைவாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முழு உடல் கதிர் பெற்றவர்களுக்கு ஒரு மருத்துவர் போதாது. மஜ்ஜை மாற்று செய்த மையமும் ஹார்மோன் மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். தராசில் எடை கூடவில்லை என்பதற்காக ட்ரைகிளிசரைடு பரிசோதனையையும் கல்லீரல் ஸ்கேனையும் விட்டுவிடக் கூடாது.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். மகள் கருவுறும் காலத்தில் சர்க்கரைப் பரிசோதனையை முதல் வருகையிலேயே செய்யச் சொல்ல வேண்டும். வயிற்றில் கதிர் பெற்ற செய்தியை மகப்பேறு மருத்துவரிடம் மறைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. திருமணப் பேச்சில் மறைத்த வாய், மருத்துவரிடமும் மூடிக்கொள்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

## எந்த வழியானாலும் வேண்டிய காகிதம்

வார்டில் கொடுக்கும் டிஸ்சார்ஜ் சீட்டில் ‘கதிர்வீச்சு கொடுக்கப்பட்டது’ என்று ஒரு வரிதான் இருக்கும். கதிர்வீச்சுத் துறைக்கு நேரே போய், பதிவு எண்ணைச் சொல்லி, சிகிச்சை முடிவு அறிக்கையைக் கேளுங்கள். எந்த உறுப்பு, எந்தப் பக்கம், மொத்தம் எத்தனை கிரே, எத்தனை தவணை, தொடங்கிய நாள், முடிந்த நாள் எல்லாம் அதில் இருக்கும். இப்போதே கேளுங்கள், பழைய கோப்புகளை எந்த மருத்துவமனையும் என்றென்றும் வைத்திருப்பதில்லை. எனக்கு அந்த ஒரு பக்கம் கிடைக்க மூன்று பயணம் ஆயிற்று. கடைசியில் பதிவேட்டறையில் ஒரு ஊழியர் ஏணி வைத்து ஏறி, தூசியைத் தட்டி எடுத்துக் கொடுத்தார்.

வரும் ஜூனில் என் மகள் கல்லூரி விடுதிக்குப் போகிறாள். அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக் கைபேசியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். சென்ற வாரம் பல் வலிக்காகப் போன இடத்தில் ‘வேறு ஏதாவது நோய் இருந்ததா’ என்று கேட்டார்கள். நான் வாயெடுப்பதற்குள் அவளே சொன்னாள்: “நான்கு வயதில் வில்ம்ஸ் கட்டி. இடது சிறுநீரகம் இல்லை. இடது பக்க வயிற்றில் கதிர்வீச்சு, 10.8 கிரே, ஆறு தவணை.”